எலும்பைத் தனியே தராதீர்கள்: அகழாய்வாளர்களுக்கும் அருங்காட்சியகக் காப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அகழாய்வு இயக்குநர்களுக்கும், தொல்மனித எலும்புத் தொகுப்புகளைப் பொறுப்பில் வைத்திருக்கும் அருங்காட்சியகக் காப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

வரலாற்றுக்கு முந்தைய மனிதர்கள் என்ன உண்டார்கள் என்ற கேள்வியோடு உங்கள் பெட்டிகளிலிருந்து எலும்புத் துண்டுகளைப் பெற்றுச் செல்லும் வேதியியல் ஆய்வாளர்களுள் நானும் ஒருவன். இந்த மடலின் வழியே நான் முன்வைக்கும் கோரிக்கை ஒன்றுதான். மனித எலும்பை அதன் சூழலிலிருந்து பிரித்து எங்களிடம் தராதீர்கள். அதே மண்ணடுக்கில் கிடைத்த விலங்கு எலும்புகளும் கரிந்த தானியங்களும் உடன் வராவிட்டால், அந்த எலும்பு மண்ணைவிட்டு வெளியே வந்த நாள் முதல் அதன்மீது என்னென்ன பூசப்பட்டன என்ற குறிப்பும் இல்லாவிட்டால், எங்கள் கருவிகள் ஓர் எண்ணைத் தரும்; அந்த எண்ணை யாராலும் உணவாக வாசிக்க முடியாது. மனித எலும்பைப் பட்டுத்துணியில் பொதிந்து வைத்துவிட்டு, பக்கத்தில் கிடந்த ஆட்டெலும்பை இடமில்லை என்று கழித்துவிடும் வழக்கம் இன்னும் பல இடங்களில் தொடர்வதால் இதை விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

எலும்பின் வேதியியலைக் கொண்டு பழைய உணவை அறியும் இந்தத் துறை பிறந்ததே காலக்கணிப்பில் தென்பட்ட ஒரு முரண்பாட்டிலிருந்துதான். கதிரியக்கக் கார்பன் முறையில் காலம் கணித்தவர்கள், மக்காச்சோள மணிகள் அதே அடுக்கில் கிடைத்த மரக்கரியைவிட ஏறத்தாழ 200 ஆண்டுகள் இளையவையாகத் தெரிவதைக் கவனித்தார்கள். காற்றிலுள்ள கார்பனை மக்காச்சோளம் உள்வாங்கும் விதம் பெரும்பாலான தாவரங்களின் விதத்திலிருந்து வேறுபட்டது என்பதே அதற்குக் காரணம். கோதுமை, பார்லி, நெல், பயறுகள், மரங்கள் ஆகியவை ஒளிச்சேர்க்கையின் முதற்படியில் மூன்று கார்பன் அணுக்கள் கொண்ட சேர்மத்தை உருவாக்குகின்றன. மக்காச்சோளம், சோளம், கம்பு, கரும்பு போன்றவை நான்கு கார்பன் அணுக்கள் கொண்ட சேர்மத்தை உருவாக்குகின்றன. சி3 என்று அழைக்கப்படும் முதல் வகை, சாதாரண கார்பன்-12ஐவிடச் சற்றுக் கனமான கார்பன்-13 அணுக்களைக் கூடுதலாக ஒதுக்கிவிடுகிறது. ஒரு பொது மாதிரியைவிடக் கார்பன்-13 ஆயிரத்தில் எத்தனை பங்கு கூடுதல் அல்லது குறைவு என்று காட்டும் அனைத்துலக அளவுகோலில் அதன் சராசரி ஆயிரத்துக்கு -26 அல்லது -27 என்ற அளவிலும், சி4 என்ற இரண்டாம் வகையின் சராசரி -12 அல்லது -13 என்ற அளவிலும் அமைகின்றன. இவ்வளவு தெளிவான இடைவெளி இயற்கையில் எளிதில் கிடைப்பதில்லை. 1977இல் வோகலும் வான் டெர் மெர்வேயும் நியூயார்க் மாநிலத்தின் தொல்லெலும்புகளில் இந்த இடைவெளியைத் தேடி, மக்காச்சோளம் அங்கே அன்றாட உணவாக நிலைபெற்றதை எலும்பின் வேதியியலைக் கொண்டே காட்டினார்கள். அடுத்த ஆண்டில் டிநீரோவும் எப்ஸ்டீனும், உண்ட உணவு இன்னதென்று தெரிந்த விலங்குகளை ஆராய்ந்து, உடலின் கார்பன் உணவின் கார்பனைப் பின்தொடர்கிறது என்பதை நிறுவினார்கள். 1981இல் நைட்ரஜனுக்கும் அதையே செய்தார்கள்.

உணவின் கார்பன் எலும்பின் புரதமான கொலாஜனில் சேரும்போது ஆயிரத்துக்கு 5 அளவுக்கு உயர்கிறது. ஆகவே சி3 தாவரங்களையும் அவற்றை மேய்ந்த விலங்குகளையும் மட்டுமே உண்டவரின் கொலாஜன் -21 அளவிலும், முழுக்கச் சி4 உணவில் வாழ்ந்தவருடையது -7 அளவிலும் நிற்கும். கடலுணவு இவ்விரண்டுக்கும் நடுவே விழுகிறது. 1981இல் டென்மார்க்கின் எலும்புகளை ஆராய்ந்த டாபர், இடைக்கற்கால மக்களின் கார்பனில் கடலின் தடம் அழுத்தமாக இருப்பதையும், வேளாண்மையோடு வந்த புதிய கற்கால மக்களிடம் அது பெரும்பாலும் மறைந்துவிடுவதையும் கண்டார். கடற்கரையில் வாழ்ந்த வேளாண் மக்கள் கடலைவிட்டு உண்மையிலேயே எவ்வளவு தூரம் விலகினார்கள் என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. அந்த விவாதத்தை எழுப்பியதற்காகவே அந்தச் சிறிய கட்டுரையை நான் உயர்வாக மதிக்கிறேன்.

இனி நைட்ரஜனுக்கு வருகிறேன். என் கோரிக்கையின் வேர் இங்கேதான் இருக்கிறது. உணவுச் சங்கிலியில் ஒவ்வொரு படி ஏறும்போதும் நைட்ரஜனின் கனமான வடிவமான நைட்ரஜன்-15இன் அளவு, அதற்கான அளவுகோலில் ஆயிரத்துக்கு 3 முதல் 5 வரை கூடுகிறது. புல்லைவிட அதை மேயும் விலங்கிலும், அந்த விலங்கைவிட அதை அடித்துத் தின்னும் விலங்கிலும் அது மிகுதி. நீரில் சங்கிலி நீளமானது என்பதால் பெரிய மீன்களை உண்டவர்களின் எலும்பில் இந்த அளவு மேலும் உயரும். இவ்வளவும் பாடநூல்களில் உள்ளதே. ஆனால் படி ஏறுவதை அளக்க வேண்டுமானால் தரை எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அந்தத் தரை இடத்துக்கு இடம், காலத்துக்குக் காலம் மாறுகிறது. வறண்ட நிலத்தின் மண்ணிலும் செடிகளிலும் நைட்ரஜன்-15 இயல்பாகவே கூடுதலாக இருக்கும். உப்புப் பரவிய கடலோர மேய்ச்சல் நிலங்களிலும் அப்படியே. மனித எலும்பின் நைட்ரஜன் அளவு ஆயிரத்துக்கு 11 என்று வந்தால், குளிர்ந்த ஈரநிலத்தில் அது இறைச்சியை மிகுதியாக உண்டவரைக் குறிக்கலாம். வறண்ட நிலத்தில் தானியமும் சிறிது பாலும் உண்டவரையே குறிக்கலாம். இவற்றுள் எது என்பதை அந்த மனிதரின் எலும்பு ஒருபோதும் சொல்லாது. அவர் காலத்தில் அங்கே மேய்ந்த ஆடும் மானும்தான் சொல்லும்.

வேளாண்மை தொடங்கிய பிறகான காலங்களில் இந்தச் சிக்கல் இன்னும் ஆழமாகிறது. இங்கிலாந்தின் ரோதாம்ஸ்டட் ஆய்வு நிலையத்தில் 1843இல் தொடங்கிய கோதுமைச் சோதனை வயல்கள் இன்றும் பயிரிடப்படுகின்றன. அவற்றில் ஆண்டுதோறும் தொழுவுரம் இட்ட பாத்திகளின் கோதுமையையும் எதுவும் இடாத பாத்திகளின் கோதுமையையும் போகார்டும் அவருடைய குழுவினரும் ஒப்பிட்டு, 2007இல் முடிவை வெளியிட்டார்கள். எரு, தானியத்தின் நைட்ரஜன்-15ஐ உணவுச் சங்கிலியின் ஒரு படிக்கு நிகராக உயர்த்திவிட வல்லது என்று தெரிந்தது. இதன் பொருளை நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். எருவிட்ட வயலின் தானியத்தையே பெரும்பகுதி உண்டு வாழ்ந்த ஓர் உழவரின் எலும்பும், எருவிடாத நிலத்தில் மேய்ந்த விலங்குகளின் இறைச்சியை உண்டவரின் எலும்பும் ஒரே எண்ணைக் காட்டக்கூடும். புதிய கற்கால மக்கள் இறைச்சியை மிகுதியாக உண்டார்கள் என்று எழுதப்பட்ட முடிவுகளில் சிலவற்றை இதனால் மீண்டும் திறந்து பார்க்க வேண்டியதாயிற்று. அப்படித் திறந்து பார்க்க, அதே அடுப்பிலும் குழியிலும் கிடைத்த கரிந்த தானியம் கையில் இருக்க வேண்டும். சல்லடையில் சலிக்காமலும் நீரில் மிதக்கவிடாமலும் அள்ளிக் கொட்டிய மண்ணோடு அந்தத் தானியம் போய்விட்டிருந்தால், அந்த வாசல் அங்கேயே அடைபட்டுவிடுகிறது.

கழித்துவிட்ட பழைய விலங்கெலும்புகளுக்குப் பதிலாக, அதே ஊரில் இன்று மேயும் ஆடுகளின் எலும்பை எடுத்துக்கொள்ளலாமே என்று சிலர் பரிவோடு யோசனை சொல்வதுண்டு. அதுவும் கைகொடுப்பதில்லை. நிலக்கரியும் பெட்ரோலியமும் எரியத் தொடங்கியதிலிருந்து காற்றின் கார்பன்-13 அளவு ஆயிரத்துக்கு 1.5க்கும் மேல் இறங்கிவிட்டது. இன்றைய செடிகள் அனைத்திலும் அந்த இறக்கம் இருக்கிறது. அதையாவது கணக்கிட்டுத் திருத்த முடியும். தொழிற்சாலை உரங்கள் மண்ணின் நைட்ரஜனில் செய்துள்ள மாற்றத்துக்கு அப்படிப் பொதுவான திருத்தம் எதுவும் இல்லை. பழைய மனிதருக்குச் சாட்சி சொல்லப் பழைய விலங்கே வேண்டும்.

சூழல் எலும்புகள் உடன் இருந்ததால் கிடைத்த பயனுக்கு நல்ல சான்றுகள் உண்டு. குரோவேஷியாவின் விண்டியா குகையில் கிடைத்த, அழிந்துபோன மனித இனமான நியாண்டர்தாலின் எலும்புகளின் முடிவுகள் 2000இல் வெளியாயின. அவற்றின் நைட்ரஜன் அளவு உயர்ந்திருந்தது என்பதால் மட்டும் அந்த ஆய்வு பேசப்படவில்லை. தாவரம் உண்ட விலங்குகளின் அளவுகளை ஒரு பக்கமும், வேட்டை விலங்குகளின் அளவுகளை மறுபக்கமும் வைத்து, நியாண்டர்தால் மனிதர் வேட்டை விலங்குகளின் வரிசையிலேயே நிற்கிறார் என்று காட்ட முடிந்ததால்தான் அது ஏற்கப்பட்டது. பிரான்ஸின் செயின்ட் சேசேர் பாறை ஒதுங்கிடத்தைப் பற்றிய ஆய்வு இன்னும் ஒரு நுட்பத்தைக் கற்பித்தது. தாவர உண்ணிகளுக்குள்ளேயே மாமத யானையின் நைட்ரஜன் அளவு மற்றவற்றைவிட உயர்வாக இருக்கும். ஆகவே நியாண்டர்தாலின் உயர்ந்த எண்ணில் ஒரு பகுதி, அவர் எந்த விலங்கைத் தேர்ந்து வேட்டையாடினார் என்பதிலிருந்தே வந்திருக்கலாம். மாமத எலும்பு ஒன்றைக்கூட அளக்காதவருக்கு இந்த எண்ணமே தோன்றியிருக்காது.

உங்கள் காலக்கணிப்புகளும் இதைச் சார்ந்தே நிற்கின்றன என்பதை நினைவூட்ட விரும்புகிறேன், ஏனெனில் உணவு ஆய்வைக் கூடுதல் ஆடம்பரமாக நினைப்பவர்கள்கூட காலக்கணிப்பை அப்படி நினைப்பதில்லை. டான்யூப் ஆற்றின் அயர்ன் கேட்ஸ் பள்ளத்தாக்கில், ருமேனியப் பக்கத்திலுள்ள ஷேலா கிளாடோவே என்ற இடத்தில், மனித எலும்புக்கூடுகளோடு ஒட்டியிருந்த எலும்பாலான எறிமுனைகள் கிடைத்தன. குளம்புள்ள நில விலங்குகளின் எலும்பில் செய்யப்பட்டவை அவை. எறிமுனையும் அது தைத்த உடலும் ஒரே காலத்தவையாகத்தானே இருக்க வேண்டும்? ஆனால் கதிரியக்கக் கார்பன் கணிப்பில் மனித எலும்புகள் சில நூறு ஆண்டுகள் மூத்தவையாக வந்தன. அம்மக்கள் ஆற்று மீன்களை மிகுதியாக உண்டதும், ஆற்று நீரில் கலந்திருந்த பழைய கார்பன் மீன் வழியாக அவர்கள் எலும்பில் ஏறியதுமே காரணம். எலும்பின் உயர்ந்த நைட்ரஜன் அளவு மீனுணவைக் காட்டிற்று. கூடவே வைத்துக் காக்கப்பட்ட எறிமுனைகள் பிழையின் அளவைக் காட்டின. எறிமுனைகளைக் கைவினைப் பொருள் என்று வேறு அறைக்கும் எலும்புக்கூட்டை உடற்கூறு அறைக்கும் அனுப்பி, இரண்டுக்குமான தொடர்பை யாரும் எழுதி வைக்காமல் போயிருந்தால், அந்தப் பள்ளத்தாக்கின் காலவரிசை பிழையோடே நின்றிருக்கும்.

எந்த எலும்பைத் தருவது என்பதிலும் உங்கள் துணை வேண்டும். வளர்ந்த மனிதரின் தொடை எலும்பு மிக மெதுவாகவே புதுப்பிக்கப்படுகிறது. அதன் கொலாஜன் பத்தாண்டுகளுக்கும் மேற்பட்ட உணவின் சராசரியைத் தாங்கியிருக்கும், இளமையில் உண்டதும் அதில் கலந்திருக்கும். விலா எலும்பு அதைவிட விரைவாகப் புதுப்பிக்கப்படுவதால் இறுதி ஆண்டுகளுக்கு நெருக்கமானது. பற்களோ குழந்தைப் பருவத்தில் உருவாகி அப்படியே நின்றுவிடுகின்றன. பற்சிப்பிக்கு உள்ளே இருக்கும் டென்டின் அடுக்கடுக்காக வளர்வதால், அதை மெல்லிய துண்டுகளாக வெட்டி அளந்து, ஒரு குழந்தை தாய்ப்பாலை எந்த வயதில் மறந்தது என்பதையே பின்தொடர முடிகிறது. பால் குடிக்கும் குழந்தை தன் தாயைவிட உணவுச் சங்கிலியில் ஒரு படி மேலே நிற்கிறது. அதன் நைட்ரஜன் அளவு தாயினுடையதைவிட ஆயிரத்துக்கு 2 அல்லது 3 கூடுதலாக இருக்கும். எத்தனையோ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் தன் பிள்ளைக்கு எவ்வளவு காலம் பாலூட்டினாள் என்பதை அறிய நமக்குள்ள சான்றுகள் மிகச் சிலவே. அதனால்தான் உடைந்த பெட்டியின் அடியில் உதிர்ந்து கிடக்கும் பாற்பற்களைக்கூடப் பெயரிட்டு வைக்கும்படி வேண்டுகிறேன்.

பூச்சுகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எலும்பு பொடியாமல் இருக்க அதன்மீது அரக்கும் பிசினும் பூசிய முந்தைய தலைமுறையினரை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் பூசியிராவிட்டால் பல எலும்புகள் இன்று இருந்திருக்காது. எங்களைத் திணறவைப்பது எழுதப்படாத பூச்சு. விலங்கின் தோலிலும் எலும்பிலும் இருந்து காய்ச்சிய பசை எல்லாவற்றிலும் கொடியது, ஏனெனில் அதுவே கொலாஜன்தான். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் எலும்பின் கனிமத்தைக் கரைத்து, எஞ்சியதை மிதமான சூட்டில் வெந்நீரில் கரைத்து வடிகட்டி, உறைநிலையில் உலர்த்தி எடுக்கும் எங்கள் முறையில் அந்தப் பசையும் கூடவே வந்துவிடும். கொலாஜனில் கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் உள்ள அணு விகிதம் 2.9க்கும் 3.6க்கும் இடையே இருந்தால் மாதிரி நம்பத்தக்கது என்று டிநீரோ 1985இல் வகுத்த சோதனை, மண்ணில் சிதைந்த கொலாஜனைப் பிடித்துவிடும். பசையின் விகிதமும் அதே எல்லைக்குள் அடங்குவதால், பசையை அது பிடிக்காது. அப்போது தொல்மனிதருக்குப் பதிலாக ஏதோ ஒரு நூற்றாண்டின் மாட்டை அளந்து முடிவை வெளியிட்டுவிடும் ஆபத்து இருக்கிறது. பதிவேட்டில் "பசை பூசப்பட்டது" என்ற ஒரு சிறு குறிப்பு போதும், நாங்கள் வேறு எலும்பைத் தேர்ந்துகொள்வோம்.

வெப்பமான நிலங்களிலும் மிகப் பழைய காலங்களிலும் கொலாஜன் நிலைப்பதில்லை. அங்கே பற்சிப்பிதான் துணை. 1959இல் தான்சானியாவின் ஓல்டுவாய் பள்ளத்தாக்கில் மேரி லீக்கி கண்டெடுத்த மண்டையோட்டின் பெரிய கடைவாய்ப் பற்களைப் பார்த்து, அழிந்துபோன தொல்மனித இனமான பாராந்த்ரோபஸ் பாய்சியை "கொட்டை உடைப்பவர்" என்றே அழைத்துவந்தார்கள். 2011இல் கென்யாவின் பற்களை ஆராய்ந்த செர்லிங் குழு, அவற்றின் கார்பனில் முக்கால் பங்குக்கும் மேல் சி4 தாவரங்களிலிருந்து வந்தது என்று காட்டியது. அதாவது வெப்பமண்டலப் புல்லோ கோரையோ உண்டவர்கள். வரிக்குதிரை, பன்றி, நீர்யானை ஆகியவற்றின் மூதாதைகள் மேய்ந்த அதே வெளியில் உண்டவர்கள். இந்த முடிவிலும் அதே படிவுகளில் கிடைத்த விலங்குப் பற்களுக்கே பாதிப் பெருமை. 2025இல் தென்னாப்பிரிக்காவின் ஸ்டெர்க்ஃபோன்டெய்னில் கிடைத்த, ஆஸ்ட்ரலோபிதெகஸ் என்ற தொல்மனித முன்னோரின் பற்சிப்பியிலிருந்து நைட்ரஜனையே பிரித்து அளந்து, அவர்கள் இறைச்சியை மிகக் குறைவாகவே உண்டிருக்க வேண்டும் என்று எழுத முடிந்திருக்கிறது. பற்சிப்பியில் மிஞ்சியிருக்கும் கரிமப் பொருள் மிகமிகச் சிறிதளவே. அதை அளக்கும் நுட்பம் முந்தைய தலைமுறையினரின் கையில் இல்லை. அவர்கள் ஒவ்வொரு பல்லையும் அன்றைய கருவிக்கே தின்னக் கொடுத்திருந்தால், இன்றைய கருவிக்கு எதுவும் மிஞ்சியிருக்காது.

எங்கள் தரப்பின் வரம்பையும் சொல்லிவிடுவது நேர்மை. கொலாஜன் பெரும்பாலும் உணவின் புரதப் பகுதியையே பதிவு செய்கிறது. கிழங்கும் பழமும் தேனும் எவ்வளவு உண்டாலும் அவற்றில் புரதம் குறைவாதலால் கொலாஜனில் அவற்றின் குரல் மங்கிவிடும். எலும்புக் கனிமத்திலும் பற்சிப்பியிலும் உள்ள கார்பனேட்தான் முழு உணவுக்கும் நெருக்கமானது. ஆகவே கொலாஜனின் நைட்ரஜனை மட்டும் அளந்துவிட்டு ஒரு சமூகம் இறைச்சியால் வாழ்ந்தது என்று எழுதுபவரை நம்பாதீர்கள். எங்கள் எண்கள் ஆடு எது, மான் எது என்றும் பிரிப்பதில்லை. அதற்கு வெட்டுத் தழும்புள்ள எலும்புகளும் பானையில் ஊறிய கொழுப்பும் விதைகளும் பேச வேண்டும்.

உங்களிடம் கேட்பதோடு எங்களிடமும் நீங்கள் கேட்க வேண்டியவை உண்டு. ஒரு மாதிரிக்கு எங்களுக்கு வேண்டியது அரை கிராமோ ஒரு கிராமோதான்; அதற்கு முன்னால் அந்த எலும்பைப் படமெடுக்கவும் அளக்கவும் உருப்பதிவு செய்யவும் எங்களை வற்புறுத்துங்கள். நோயோ காயமோ தென்படும் இடத்தில் வெட்ட அனுமதிக்காதீர்கள். பிரித்தெடுத்த கொலாஜனில் மிஞ்சியதைத் திருப்பித் தரச் சொல்லுங்கள், அடுத்து வருபவர் மீண்டும் எலும்பை வெட்டாமல் அதையே பயன்படுத்தலாம். கொலாஜன் கிடைக்காமல் தோற்ற மாதிரிகளின் பட்டியலையும் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். அந்தப் பட்டியல் இல்லாததால் ஒரே எலும்புக்கூட்டை வெவ்வேறு குழுக்கள் மாறி மாறித் துளையிடுவது எனக்கு உண்மையாகவே வேதனை தருகிறது. இறந்தவர்களின் வழிவந்தோர் என்று உரிமை கூறும் மக்கள் இருந்தால் அவர்களின் ஒப்புதலைப் பெற்ற பிறகே எங்களோடு பேசுங்கள். அவர்கள் மறுத்தால் அந்த மறுப்போடு பேச்சு முடிய வேண்டும். அவர்கள் இசைந்தால், முடிவுகளை அவர்கள் மொழியில் அவர்களுக்கு முதலில் சொல்வது எங்கள் கடமை.

கிடங்குகளில் இடம் குறைவு என்பதும், விலங்கெலும்பு மூட்டைகள்தான் முதலில் கழிபடுகின்றன என்பதும் எனக்குத் தெரியும். அனைத்தையும் வைத்திருங்கள் என்று கேட்பது நடைமுறைக்கு ஒவ்வாது. மனித எலும்பு கிடைத்த ஒவ்வோர் அடுக்கிலிருந்தும், இனம் அறியப்பட்ட தாவர உண்ணிகள் சிலவற்றின் எலும்பும், நாய் போன்ற ஊனுண்ணி கிடைத்திருந்தால் அதன் எலும்பும், மீன் முள்ளும், ஒரு பிடி கரிந்த தானியமும், கழுவாமலும் பூசாமலும், அடுக்கின் எண்ணோடு தனிப்பையில் வைக்கப்பட்டால் போதும். அது ஓர் அலமாரியின் ஒரு தட்டுக்குள் அடங்கும். கழிவுப் பட்டியல் தயாராகியிருந்தால், கையெழுத்திடுவதற்கு முன்பு எலும்பு வேதியியல் தெரிந்த ஒருவரை அழைத்து, அந்த மூட்டைகளைப் பார்வையிட ஒரு நாள் கொடுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
எலும்பு வேதியியல் ஆய்வாளர் ஒருவர்